உலைக்கும் மூச்சு வேண்டும்
வீட்டுப் பட்டறையில் காஸ் உலைக்கு வளி கொடுக்கும் முறை

கமக்காரர் வாசிக்கும் இதழில் உலையைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கக்கூடும். கேட்பது நியாயமே. ஆனால் மண்வெட்டி பிடித்த கைகள் பல இன்று மண்வெட்டி பிடிப்பதில்லை. 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்தும், 1995 ஒக்ரோபர் இறுதியில் யாழ்ப்பாணத்திலிருந்தும், 2009 வரை வன்னியிலிருந்தும் எழுந்த குடும்பங்களில் ஒரு பகுதி கொழும்பிலேயே தங்கிவிட்டது. செம்மண்ணில் வெங்காயமும் புகையிலையும் வைத்தவர்கள் கொட்டாஞ்சேனையிலும் புதுக்கடையிலும் வெள்ளவத்தையிலும் வாடகை அறைகளில் இருந்துகொண்டு கடைச் சிப்பந்தியாய், மேசனாய், ஒட்டு வேலைக்காரராய் ஆகிவிட்டார்கள். அவர்களிற் சிலர் வீட்டிலேயே சிறு உலை வைத்து அலுமினியமும் பித்தளையும் வார்க்கிறார்கள். ஊருக்குத் திரும்பியவர்களிலும், காணி முழுதாகக் கிடைக்காத நிலையில், இத்தகைய கைத்தொழிலைத் தொடங்க விரும்புவோர் எம்மிடம் ஆலோசனை கேட்டு வருகிறார்கள். ஆகவேதான் இக்கட்டுரை.

உண்மையைச் சொல்வதானால், இதை எழுதத் தூண்டியது ஒரு மாலை நேரத்து அனுபவம்.

புதுக்கடை என்றதும் பலருக்கும் நீதிமன்றங்கள்தான் நினைவுக்கு வரும். அந்தக் கட்டடங்களுக்கு அப்பால் டாம் தெரு, பழைய சோனகத் தெரு, மெசஞ்சர் தெரு என்று இரும்புக் கடைகளும் சாமான் கடைகளும் நிறைந்த ஒரு தொழில் உலகம் இருக்கிறது. இடையிடையே ஒழுங்கைகள். ஒழுங்கைகளுக்குள் 'தோட்டங்கள்'. எமக்குத் தோட்டம் என்றால் பாத்தி கட்டித் தண்ணீர் பாய்ச்சும் நிலம். கொழும்பிலோ தோட்டம் என்றால் சுவரோடு சுவர் முட்டி நிற்கும் வரிசை வீடுகள். அப்படியொரு தோட்டத்து வீட்டுக்குத்தான் ஒக்ரோபர் மழையில் நாம் போனோம்.

வீட்டுக்காரர் வலிகாமம் வடக்கில் கமம் செய்த குடும்பத்தவர். 1990 இல் வெளியேறும்போது அவருக்கு இருபது வயது. கொழும்புக்கு வந்து ஒரு வார்ப்புப் பட்டறையில் பல ஆண்டுகள் வேலை செய்தார். 2022 இன் நெருக்கடியில் அந்தப் பட்டறை மூடப்பட்டதும், பின்னறையில் தாமே ஓர் உலை வைத்துக்கொண்டார். தண்ணீர் இறைக்கும் மெசினுக்கான அலுமினியக் கப்பிகளை வார்த்துக் கடைகளுக்குக் கொடுக்கிறார். கமத்தை விட்டாலும் இறைப்பு மெசினை விடவில்லை என்று நாம் பகிடியாகச் சொன்னோம்.

அறை பத்தடிக்குப் பத்தடி. மழைச் சாரல் அடிக்கிறது என்று யன்னலைச் சாத்தியிருந்தார்கள். சத்தம் கேட்கிறது என்று அயலவர் குறைப்பட்டதால் கதவையும் சாத்தியிருந்தார்கள். உலை வாயிலிருந்து ஓரடிக்கு மேல் மஞ்சள் சுவாலை நீண்டு நின்றது.

"நல்ல நீட்டுக்கு எரியுது பாதர். ஆனா முந்தி முக்கால் மணித்தியாலத்தில உருகினது, இப்ப ரெண்டு மணித்தியாலம் போகுது" என்றார் அவர்.

மனைவி தலையிடி என்று சுவரோடு சாய்ந்திருந்தார். சின்ன மகள் மதியம் முதல் இரண்டு முறை வாந்தி எடுத்திருந்தாள்; கடைச் சாப்பாட்டில்தான் பிழை என்று நினைத்திருந்தார்கள். சுவர்கள் வியர்த்து ஒழுகின. அரை மணி நேரத்தில் எமக்கும் நெற்றிப்பொட்டில் இடிக்கத் தொடங்கியது. வெக்கை என்றே நாமும் நினைத்தோம். இறையியலும் மெய்யியலும் ஒன்பது ஆண்டுகள் படித்தவருக்கு ஒரு சுவாலையை வாசிக்கத் தெரியவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறோம்.

அப்போது உள்ளே வந்தார் பக்கத்து ஒழுங்கையில் பித்தளை வார்க்கும் முதியவர் ஒருவர். எல்லோரும் அவரை நானா என்றே அழைக்கிறார்கள். அவரும் 1990 இன் மனிதர்தான். அவ்வாண்டு ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது யாழ்ப்பாணம் சோனகத் தெருவிலிருந்து இரண்டு பையோடு புறப்பட்டவர். வந்தவர் ஒன்றும் பேசாமல் காஸை மூடினார். கதவையும் யன்னலையும் திறந்தார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போகும்படி தாயிடம் சொன்னார். பிறகுதான் வீட்டுக்காரரைப் பார்த்தார்.

"உலைக்குத் தீன் குடுக்கிறீங்க தம்பி, மூச்சு குடுக்கல்லயே."

வீட்டுக்காரருக்குச் சற்றுக் கோபம். "ஏன் நானா, புளோவர் பூட்டித்தானே வச்சிருக்கிறன்?" என்றார். உலை வைத்திருக்கும் பலர் கேட்கும் கேள்வி இதுதான். அதற்குரிய விடையைக் கணக்கிலிருந்து தொடங்குவோம்.

நாம் சிலிண்டருக்குப் பணம் கொடுக்கிறோம், வளிக்குக் கொடுப்பதில்லை. ஆகவே உலை காஸைத் தின்கிறது என்றே எண்ணுகிறோம். எடை போட்டுப் பார்த்தால் விடயம் தலைகீழ். ஒரு கிலோ காஸ் முழுமையாக எரிய ஏறத்தாழ பதினைந்தரைக் கிலோ வளி வேண்டும். வீட்டுக்கு வரும் பன்னிரண்டரைக் கிலோ சிலிண்டர் ஒன்று எரிந்து முடிவதற்குள் ஏறத்தாழ 190 கிலோ வளியை இழுத்துவிடுகிறது. ஐம்பது கிலோ மூடையில் ஏறக்குறைய நான்கு மூடை நெல்லின் எடை அது. வளிக்கு எடை உண்டென்பதே எமக்குப் பல நேரங்களில் மறந்துபோகிறது.

இடக் கணக்கில் சொன்னால், ஒரு கிலோ காஸுக்கு ஏறத்தாழ 13 கனமீற்றர் வளி. பத்தடி நீளம், பத்தடி அகலம், ஒன்பதடி உயரமுள்ள அறையில் இருப்பது ஏறத்தாழ 25 கனமீற்றர். இரண்டு மூன்று கிலோ அலுமினியம் உருக்கும் சிறிய உலை மணிக்கு ஒன்று முதல் இரண்டு கிலோ காஸ் எரிக்கும். எனவே ஒன்றரை இரண்டு மணி நேரத்தில் அறையிலுள்ள வளி முழுவதையும் அது தின்று முடித்துவிடும்.

ஆனால் ஆபத்து வருவதற்கு முழுவதும் முடியத் தேவையில்லை. நல்ல வளியில் ஒட்சிசன் நூற்றுக்கு 21 பங்கு. அது 18 ஆகக் குறைந்தாலே சுவாலை கெடத் தொடங்கிவிடும். இறுக மூடிய அந்த அறையில், மணிக்கு ஒன்றரைக் கிலோ காஸ் எரித்தால், இவ்வளவு குறைவதற்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் போதும். எந்தக் கதவிலும் சிறு இடுக்குகள் இருக்கும் என்பதால் நடைமுறையில் இன்னும் சற்று நேரம் எடுக்கலாம். அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்போது புளோவருக்கு வருவோம். புளோவர் வளியை உண்டாக்குவதில்லை. அறையில் இருப்பதை எடுத்து உலைக்குள் தள்ளுகிறது, அவ்வளவே. உலை அதைக் கெடுத்து மீண்டும் அறைக்குள் விடுகிறது. கெட்டதையே புளோவர் மறுபடி எடுத்துத் தள்ளுகிறது. கிணற்றில் ஊற்று வற்றியபோது இரண்டு அங்குல மெசினைக் கழற்றிவிட்டு மூன்று அங்குல மெசின் பூட்டினால் தண்ணீர் கூடுமா? சேறுதான் வரும். உலைக்கு வளி கொடுப்பதென்பது உண்மையில் இரண்டு வேலை. பேர்னருக்கு வளி கொடுப்பது ஒன்று. பேர்னர் வளி எடுக்கும் இடத்துக்கு வளி கொடுப்பது மற்றது. முதலாவதை எல்லோரும் செய்கிறார்கள். இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள்.

ஊரில் இந்தக் கவலை இருக்கவில்லை. கொல்லருடைய உலை ஓலைக் கொட்டிலில் இருந்தது. நாலு பக்கமும் திறப்பு. துருத்தி ஊதியது வெளிக்காற்றை. குசினியும் பெரும்பாலும் வீட்டுக்கு வெளியேதான். அதோடு விறகும் கரியும் வளி போதாவிட்டால் புகைந்து, கண்ணைக் கரிக்கச் செய்து, ஆளை வெளியே துரத்திவிடும். காஸ் அப்படி எச்சரிப்பதில்லை. புகையாமலே கொல்லக்கூடியது அது.

இனி பேர்னர் வேலை செய்யும் விதம். காஸ் பேர்னரைக் கண்டு மலைக்க வேண்டியதில்லை. எம்மவர் அதை ஏற்கனவே அறிவார்கள். பெற்றோமக்ஸ் விளக்கை எடுத்துக்கொள்ளுங்கள். பம்ப் அடித்ததும் மண்ணெண்ணெய் ஆவியாகிச் சிறு துவாரத்தால் வேகமாகச் சீறும். அந்த வேகமே அருகிலுள்ள வளியைத் தன்னோடு இழுத்துக்கொண்டு குழாய்க்குள் போகும். இரண்டும் கலந்து மென்றலில் எரியும். பம்ப் இறங்கினால் வளி இழுபடுவது குறையும். விளக்கு மஞ்சளாகிக் கரி கக்கும். புளோவர் இல்லாத காஸ் பேர்னர் அச்சொட்டாக இதே தத்துவத்தில்தான் இயங்குகிறது. பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிளும் இறைப்பு மெசினும் ஓட்டியவர்களுக்கு இன்னும் எளிதாகப் புரியும். இரண்டு துளி பெற்றோலைக் காபரேட்டருக்குள் விட்டு ஸ்ராட் செய்துவிட்டு, சோக்கைத் திறந்து மூடிக் கலவையைச் சரிசெய்யப் பழகிய காதுகள் அவை. பேர்னரைச் சரிசெய்யவும் அதே காது போதும்.

இந்த வகைப் பேர்னருக்குக் காஸ் அழுத்தம் வேண்டும். சமையல் அடுப்புக்குப் பூட்டும் ரெகுலேற்றரில் வரும் அழுத்தம் மிகக் குறைவு. உலைக்குத் தேவையான வளியை இழுக்க அது போதாது. உயர் அழுத்த ரெகுலேற்றரும் அதைத் தாங்கும் குழாயும் தேவை. சமையல் ரெகுலேற்றருக்குள் எதையாவது மாற்றி அழுத்தத்தைக் கூட்டித் தருகிறோம் என்று சிலர் சொல்வார்கள், அவர்களிடம் போகாதீர்கள். வளி இழுக்கும் வாய் உலையின் மூடித் துவாரத்துக்கு அருகில் இருக்கவும் கூடாது. உலையிலிருந்து வெளியேறும் கெட்ட வாயுவையே அது மீண்டும் உறிஞ்சும். பல நாள் எரிக்காமல் விட்ட பேர்னர் என்றால் முதலில் குழாய்க்குள் பாருங்கள். மண்குளவி கூடு கட்டியிருக்கும், அல்லது சிலந்தி வலை இருக்கும். புட்வால்வில் இலை அடைத்த மெசின் எப்படி இறைக்கும்?

இரண்டாவது வகை புளோவர் பூட்டியது. குறைந்த அழுத்தக் காஸிலும் இது நன்றாக எரியும்; தோட்டத்து வீடுகளில் பெரும்பாலும் இதையே காண்கிறோம். எமது சிறிய உலைக்குப் பெரிய புளோவர் தேவையில்லை. பஞ்சிகாவத்தையில் பழைய வாகன உதிரிப்பாகக் கடைகளில் கிடைக்கும் 12 வோல்ற் புளோவர் ஒன்றைத்தான் நானா பரிந்துரைத்தார். அது மலிவு என்பது ஒரு காரணம். மற்றக் காரணம் முக்கியமானது.

2022 மார்ச் இறுதியில் ஒரு நாளில் பதின்மூன்று மணி நேரம் மின்சாரம் நின்ற காலத்தை நாம் மறந்திருக்க மாட்டோம். புளோவர் ஓடிக்கொண்டிருக்கையில் மின் போனால் என்ன நடக்கும்? வளி நிற்கும், காஸ் நிற்காது. சிலிண்டருக்கு மின்சாரம் தேவையில்லை அல்லவா? நெருப்பு சில வேளை குழாய்க்குள் பின்வாங்கி 'டப், டப்' என்று வெடிக்கும். சில வேளை அணைந்துவிடும். எரியாத காஸ் அறைக்குள் பரவும். ஆகவே சுவர் மின்சாரத்தில் ஓடும் புளோவர் வைத்திருப்போர், மின் நின்றவுடன் காஸைத் தானாக மூடும் சொலனோயிட் வால்வு ஒன்றைக் கட்டாயம் பூட்ட வேண்டும். கார் பற்றரியில் ஓடும் புளோவர் மின் போனாலும் ஓடும். இருப்பினும் பற்றரியும் ஒரு நாள் இறங்கும் என்பதால் அதற்கும் வால்வு நல்லதே. எப்படியானாலும் உலை எரியும்போது ஆள் அகலக் கூடாது. அடுப்பில் சோற்றை வைத்துவிட்டுக் கடைக்குப் போவது போன்றதல்ல இது.

பற்ற வைக்கும் ஒழுங்கும் இங்கே சேரும். முதலில் மூடியைத் திறவுங்கள். புளோவரைச் சற்று ஓடவிட்டு உலையின் அடியில் தங்கியிருக்கக்கூடிய காஸை வெளியேற்றுங்கள். பிறகு எரியும் கடதாசியை உள்ளே போட்டு, வளியைக் குறைத்து, காஸை மெல்லத் திறவுங்கள். நிறுத்தும்போது காஸ் முதலில், வளி கடைசியில். இடையில் அணைந்துவிட்டால், சூடாகத்தானே இருக்கிறது, தானாகப் பற்றும் என்று காஸைத் திறந்துவிட்டு நிற்காதீர்கள்; தலைமயிரும் புருவமும் போனவர்களைக் கண்டிருக்கிறோம்.

சுவாலையை வாசிப்பது எப்படி? உலை வாயில் நீண்டு ஆடும் மஞ்சள் நாக்கு நல்ல சூட்டின் அடையாளம் அல்ல. உள்ளே எரிய வளி கிடைக்காத காஸ் வெளியே வந்து, அங்கே வளியைத் தேடி எரிகிறது. உலை சூடாகாமல் கூரை சூடாகிறது. அந்த வீட்டில் முக்கால் மணி வேலை இரண்டு மணியானது இதனால்தான். காசும் அவ்வாறே வீணாகியது. சரியான கலவையில் உலை சீரான இரைச்சலோடு எரியும்; உட்சுவர் ஒரே நிறத்தில் செந்தணலாகும்; வாயில் சிறிய நீலச் சாயல் மட்டும் தெரியும். வளி மிஞ்சினால் இரைச்சல் கூடும், சுவாலை பேர்னரை விட்டு எழும்பித் துடிக்கும், சூடு குறையும். மிஞ்சிய வளியையும் சூடாக்கி வெளியே அனுப்பும் வீண் செலவு அது.

அலுமினியம் 660 பாகை செல்சியஸில் உருகுகிறது; அதற்குக் கலவையில் வளி ஒரு சொட்டுக் கூடுதலாக இருப்பதே நல்லது. வளி குறைந்த சுவாலையில் உருகிய அலுமினியம் ஐதரசனை உறிஞ்சிக்கொண்டு, ஆறும்போது நுண் துவாரங்களை விடும். கப்பியைக் கடைந்து பார்க்கையில் ஊசி குத்தியது போலத் தெரியும். கடைக்காரர் திருப்பி அனுப்பிவிடுவார். பித்தளை 900 பாகைக்கு மேல் போக வேண்டும். அந்தச் சூட்டில் அதிலுள்ள நாகம் ஆவியாகி வெண்புகையாகும். அதைச் சுவாசித்தவருக்கு அன்றிரவே குளிர்க்காய்ச்சல் வரும். வீட்டுக்குள் பித்தளை உருக்கவே வேண்டாம் என்பது எமது கருத்து.

2021 இன் இறுதியில் நாடெங்கும் வீடுகளில் காஸ் வெடிப்புகள் நடந்து, புரொப்பேன், பியூட்டேன் கலவை விகிதம் பற்றிப் பெரிய சர்ச்சை எழுந்தது நினைவிருக்கும். உலை வைத்திருப்போர் அதில் அறிய வேண்டியது ஒன்றுண்டு. ஒரு பங்கு புரொப்பேன் எரிய ஏறத்தாழ 24 பங்கு வளி வேண்டும். ஒரு பங்கு பியூட்டேனுக்கு ஏறத்தாழ 31 பங்கு. எனவே சிலிண்டருக்குள் கலவை மாறினால் நேற்றுச் சரியாக வைத்த வளித் திறப்பு இன்று சரியாக இராது. சிலிண்டர் மாற்றியவுடன் சுவாலையைப் புதிதாகப் பார்த்துச் சரிசெய்யுங்கள். ஒரே சிலிண்டரிலும் மாற்றம் வரும். தொடர்ந்து எரிக்கையில் சிலிண்டர் குளிர்ந்து வியர்க்கும், அழுத்தம் இறங்கும். அப்போது அதைச் சாதாரண தண்ணீர்ச் சட்டியில் நிறுத்தலாம். நெருப்பைக் காட்டியோ கொதிநீர் ஊற்றியோ சூடாக்குவது பெரும் ஆபத்து.

இனி அறைக்கு வருவோம். இங்கேதான் உயிர் இருக்கிறது.

காஸ் முழுமையாக எரிந்தால் காபனீரொட்சைட்டும் நீராவியும் உண்டாகும். ஒரு கிலோ காஸ் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீராவியைத் தருகிறது. சுவர் வியர்த்தது மழையால் அல்ல. உலையின் மூச்சு வெளியேற வழியின்றிச் சுவரில் படிந்தது. வளி குறையும்போது காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவும் சேர்ந்து உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணெரிவு இல்லை. காஸ் கசிந்தால் நாறும்படி மணம் சேர்த்திருக்கிறார்கள். எரிந்து உண்டாகும் இந்த நஞ்சுக்கு அப்படி எதுவும் இல்லை. எமது குருதியில் ஒட்சிசனைச் சுமக்கும் ஈமோகுளோபின், ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான இறுக்கத்தோடு இதைப் பற்றிக்கொள்கிறது. வளியில் ஆயிரத்தில் ஒரு பங்கு கலந்தாலே ஓரிரு மணி நேரத்தில் நினைவு தப்பும், உயிரும் போகலாம். தலையிடி, தலைச்சுற்று, வாந்தி, காரணமில்லாச் சோர்வு ஆகியவை முதல் அறிகுறிகள். காய்ச்சல் இருக்காது. வீட்டில் பலருக்கு ஒரே நேரத்தில் வரும். வெளியே போனால் குறையும். சிறுபிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஆபத்து அதிகம். அந்தச் சின்ன மகள் சாப்பிட்டது நல்ல சாப்பாடுதான்.

இத்தகைய நிலையில் காஸை மூடிக் கதவுகளைத் திறந்து எல்லோரும் வெளியே வர வேண்டும். ஒருவர் உள்ளே மயங்கிக் கிடந்தால், தூக்க ஓடுபவரும் விழக்கூடும். முதலில் அறையைத் திறந்து விடுங்கள். தீயணைப்புக்கு 110. இலவச அம்புலன்ஸுக்கு 1990. எம்மில் பலருக்கு அந்த எண்ணை மனனம் செய்யத் தேவையில்லை. வைத்தியசாலையில் "மூடிய அறையில் காஸ் உலை எரித்தோம்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். விரலில் பூட்டிப் பார்க்கும் கருவி இந்த நஞ்சை ஒட்சிசன் என்றே எடுத்துக்கொண்டு எல்லாம் சரி என்று காட்டக்கூடும்.

மிக நல்ல தீர்வு உலையைச் சுவர்களுக்கு வெளியே வைப்பது. தகரக் கூரை, இரண்டு பக்கமாவது முழுத் திறப்பு, மரமும் ஓலையும் அருகில் இல்லாமை, இவ்வளவே வேண்டும். ஊரில் வளவு உள்ளவர்கள் வேறெதையும் யோசிக்காமல் இதையே செய்யுங்கள். காற்றோட்டத்தை நம்பி எவ்வளவு செய்யலாம் என்பதற்கு எமது நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. பலாங்கொடைக்கு அருகே சமனலவெவவில், மேற்கு நோக்கிய மலைச்சரிவுகளில், கி.பி. 7 ஆம் நூற்றாண்டு முதல் 11 ஆம் நூற்றாண்டு வரை இரும்பு உருக்கிய உலைகளைத் தொல்லியலாளர் கில் ஜூலெப் ஆராய்ந்து 1996 இல் வெளியிட்டார். துருத்தி ஊதும் வேலையைத் தென்மேல் பருவக்காற்றே செய்தது. உலையை எங்கே வைப்பது என்று தெரிந்த மனிதர்கள் அவர்கள். (நாமோ சாரலுக்குப் பயந்து யன்னலைச் சாத்துகிறோம்.)

தோட்டத்து வீட்டில் இருப்பவருக்கு வளவு ஏது என்று கேட்பீர்கள். அறைக்குள் வைத்தே தீர வேண்டுமானால் குறைந்தது மூன்று காரியம் வேண்டும். புளோவரின் வாய்க்கு வெளிச்சுவரால் நான்கு அங்குலக் குழாய் ஒன்று போட்டு வெளிக்காற்றை நேரே எடுங்கள். குழாய் அகலமாகவும் குட்டையாகவும் வளைவு குறைந்ததாகவும் இருக்கட்டும்; ஓரங்குலக் குழாய் போதாது. வெளி முனையில் எலி புகாத அகலக் கண் வலை, உலைப் பக்கத்தில் பிளாஸ்ரிக்குக்குப் பதிலாகத் தகரம். அடுத்தது, உலைக்கு மேல் தகரக் கூண்டும் கூரைக்கு மேலே போகும் புகைபோக்கியும். மூன்றாவது, கதவைத் தவிர நிலத்தோடு ஒரு திறப்பும் கூரையோரம் ஒரு திறப்பும். சூடான கெட்ட வாயு மேலால் போகும். நல்ல வளி கீழால் வரும். கசிந்த காஸ் வளியைவிடப் பாரமானது, ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு மடங்கு. அது நிலத்தில் தண்ணீர் போல ஓடிப் பள்ளத்தில் தேங்கும். நிலத்தோடுள்ள திறப்பு அதற்கும் வடிகால். ஆகவே சிலிண்டரைக் கிடங்கிலோ கானுக்கு அருகிலோ வைக்காதீர்கள்.

வளியை வெளியே தள்ளும் விசிறியை மட்டும் பூட்டி, உள்ளே வர வழி விடாதவர்களும் உண்டு. அந்த விசிறி புகைபோக்கி வழியாகவே கெட்ட வாயுவைத் திருப்பி இழுத்துவிடும். வழி விட்டபின்தான் விசிறி. கனடாவிலும் பிரித்தானியாவிலும் வீட்டுச் சுவரில் தொங்கும் காபனோரொட்சைட்டு எச்சரிக்கைக் கருவியை எமது உறவினர் எல்லோரும் கண்டிருப்பார்கள். அடுத்த முறை வரும்போது சொக்கலேற்றைக் குறைத்து அதில் ஒன்றைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

அந்த வீட்டில் பிறகு நடந்ததையும் கூற வேண்டும். பிள்ளையும் தாயும் அன்றிரவு வைத்தியசாலையில் இருந்து தேறினார்கள். சுவரை உடைத்துத் திறப்பு வைக்க வீட்டு உரிமையாளர் சம்மதிக்கவில்லை. வாடகைக்காரர் சுவரில் ஆணி அடிப்பதற்கே அனுமதி கேட்க வேண்டிய நிலை. இதை நாம் யாரிடம் முறையிடுவது? ஒழுங்கையின் முடிவில், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில், இரண்டு பக்கம் திறந்த ஒரு துண்டு நிலம் இருந்தது. நானாவும் வீட்டுக்காரரும் வரிசை வீடுகள் எல்லாவற்றுக்கும் போய்ப் பேசினார்கள். செவ்வாயும் சனியும் காலை ஆறு முதல் ஒன்பது வரை என்று இணக்கம் ஏற்பட்டது. உலை இப்போது சில்லுப் பூட்டிய இரும்புச் சட்டத்தில் வெளியே போய் வருகிறது. அலுமினியம் நாற்பது நிமிடத்தில் உருகுகிறது. முன்பு இரண்டு வாரம் போதாத சிலிண்டர் இப்போது மூன்று வாரத்தைத் தாண்டுகிறதாம்.

கடுமழை நாட்களில் மட்டும் வேலை நின்றுவிடுகிறது. நவம்பரில் இரண்டு வாரம் ஒரு கப்பியும் வார்க்கவில்லை. கடைக்காரர் ஓடர் ஒன்றை வேறிடத்துக்குக் கொடுத்துவிட்டார். ஒரு நாள் மட்டும் உலையை மீண்டும் உள்ளே எடுப்போமா என்று அவர் கேட்டபோது, மனைவி கதவடியில் நின்றுகொண்டு விடவில்லை. நான்கு தகரமும் இரண்டு இரும்புக் குழாயும் இருந்தால் அந்தத் துண்டு நிலத்துக்கு ஒரு தாழ்வாரம் போடலாம். பழைய சோனகத் தெருவில் விலை விசாரித்து வைத்திருக்கிறார்கள்.